கணக்குக் குச்சிக்கும் பெயர் ஒட்டும் ஊரில் மூன்று மாதம்

டோக்கியோவில் போய் இறங்கிய மூன்றாம் நாள் ராத்திரி நானும் என் மகளும் உட்கார்ந்து பேரனின் கணக்குப் பெட்டிக்குப் பெயர் ஒட்டினோம். முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் வாங்கச் சொல்லும் பெட்டி அது. எண்ணுவதற்குக் குச்சிகள், சோழி அளவில் தட்டையான வண்ண வில்லைகள், சின்னச் சின்னக் கட்டைகள், முள்ளைத் திருப்பிப் படிக்க ஒரு பொம்மைக் கடிகாரம், கூட்டல் கழித்தல் அட்டைகள் என்று உள்ளே நூற்றுக்கணக்கில் உருப்படிகள் இருந்தன. அத்தனையிலும் பிள்ளையின் பெயர் இருக்க வேண்டுமாம். நெல்மணி அகலத்துக்கு ஹிரகானா என்கிற ஜப்பானிய எழுத்தில் அச்சடித்த ஸ்டிக்கர்களை மகள் இடுக்கியால் எடுத்துக் கொடுக்க, நான் ஒவ்வொரு குச்சியிலும் ஒட்டிக்கொண்டே வந்தேன். முடிக்கும்போது மணி பன்னிரண்டு.

நான் 34 வருடம் தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்தவள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் கடலோரத்தில் ஒரு ஊரில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். புளியங்கொட்டையையும் ஈர்க்குச்சியையும் வைத்துத்தான் எண்ணச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், ஒரு குச்சி தொலைந்தால் இன்னொரு குச்சி ஒடித்துக்கொள்வோம். "எதுக்குடி இதுக்கெல்லாம் பேரு?" என்று கேட்டேன். "கீழ விழுந்தா யாருதுன்னு தெரியணும்ல அம்மா. அவனோடத அவன்தான் எடுத்து வைக்கணும்" என்றாள். அப்போது அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. மூன்று மாதம் இருந்துவிட்டு வந்த பிறகு, நான் அங்கே பார்த்த பலவற்றுக்கும் அந்த ஒரு வரிதான் காரணம் என்று தோன்றுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். வேலைக்காகக் குடும்பத்தோடு ஜப்பான் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள் முன்கூட்டியே தெரிந்தால் நல்லது. என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

மகள் குடும்பம் இருப்பது எடோகாவா வார்டில், நிஷி-கசாய் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில். கணினித் துறையில் வேலை பார்க்கும் நம் நாட்டுக்காரர்கள் நிறையப் பேர் அங்கே இருக்கிறார்கள், பருப்பும் கறிவேப்பிலையும் நடந்து போய் வாங்கலாம். பெற்றவர்கள் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் விசாவில் 90 நாள்தான் இருக்க முடியும். ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, செர்ரிப் பூ கொட்டும் சமயம். அதைக் கணக்குப் பண்ணித்தான் மகள் எனக்கு ஏப்ரல் முதல் வாரத்தில் டிக்கெட் போட்டாள். போகிறவர்கள் முடிந்தால் இந்த மாதத்தையே பாருங்கள். வானிலையும் இதமாக இருக்கும், ஒரு பள்ளி எப்படித் தொடங்குகிறது என்பதையும் முழுசாகப் பார்க்கலாம்.

சேர்க்கை பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு வருடம் தொடக்கப்பள்ளி, மூன்று வருடம் நடுநிலை, இந்த ஒன்பது வருடம் கட்டாயக் கல்வி. வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது, ஆனால் வார்டு அலுவலகத்தில் போய்க் கேட்டால் பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்த்துக்கொள்கிறார்கள். கட்டணம் இல்லை, பாடப்புத்தகமும் இலவசம். செலவு வருவது மற்ற சாமான்களில்தான். ரன்தோசெரு என்கிற அந்தக் கெட்டியான முதுகுப்பை நல்லதாக வாங்கினால் அறுபதாயிரம் யென் வரை ஆகிவிடுகிறது. பெயர் டச்சுக்காரர்களிடமிருந்து வந்ததாம், ஆறு வருடமும் அதே பைதான். புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. தெரிந்த குடும்பத்தில் ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளை இருந்தால் கேட்டு வாங்குங்கள், பை அப்படியே உழைக்கிறது. உள்ளே போட்டுக்கொள்ள உவாபாகி என்கிற துணிச்செருப்பு, அதற்கு ஒரு பை, விளையாட்டு உடைக்கு ஒரு பை, புத்தகத்துக்கு ஒரு பை, ஒவ்வொன்றுக்கும் இத்தனை சென்டிமீட்டர் என்று அளவோடு காகிதம் வரும். எனக்குத் தைக்கத் தெரியும் என்பதால் மகளுக்கு ஒரு வாரக் கவலை தீர்ந்தது. ஸோக்கின் என்று தரை துடைக்கும் துணி இரண்டு கேட்டிருந்தார்கள். பழைய துண்டை மடித்து ஓரத்திலும் நடுவிலும் குறுக்காகத் தையல் போட வேண்டும். ஊரிலிருந்து கொண்டுபோன ஈரிழைத் துண்டில் தைத்து, அதிலும் பெயர் எழுதிக் கொடுத்தேன்.

முதல் நாள் விழாவுக்கு மகளும் மாப்பிள்ளையும் போனார்கள், நானும் போனேன். வாசலிலேயே காலணியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, நாம் கொண்டுபோன செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டும். பள்ளிக்குப் போகும்போதெல்லாம் ஒரு ஜோடி வீட்டுச் செருப்பும் ஒரு பையும் கையில் இருக்கட்டும், இது தெரியாமல் போனால் வாசலில் தவித்துப் போவீர்கள்.

அப்புறம் வந்ததுதான் எனக்குப் பெரிய கலக்கம். ஆறு வயதுப் பிள்ளை தனியாக நடந்து போய்த் தனியாக வருகிறான்! முதல் சில நாள் ஆசிரியர்கள் பிள்ளைகளை வீடு இருக்கும் திசைவாரியாகப் பிரித்து, பையில் திசைக்கு ஒரு நிறம் என்று ரிப்பன் கட்டிப் பாதி வழி வரை கூட்டி வந்தார்கள். அதன் பிறகு அவர்களே நடந்தார்கள். முதல் வகுப்புப் பிள்ளை என்று தூரத்திலிருந்தே தெரிய மஞ்சள் தொப்பியும் பைமேல் மஞ்சள் உறையும் இருக்கும், பைப் பட்டையில் இழுத்தால் அலறுகிற ஒரு சின்னக் கருவி தொங்கும். தெருமுனையில் என் வயதுப் பெரியவர்கள் மஞ்சள் கொடியோடு நின்று ஒவ்வொரு பிள்ளைக்கும் காலை வணக்கம் சொல்லிக் கடத்திவிடுவார்கள். சில வீட்டு வாசலிலும் கடை வாசலிலும் 110 என்று எண் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அது அங்கே போலீஸ் எண், பயமாக இருந்தால் பிள்ளை அந்த வீட்டுக்குள் ஓடலாம் என்று அர்த்தம். சாயங்காலம் 5 மணிக்கு ஊர் ஒலிபெருக்கியில் ஒரு பழைய குழந்தைப் பாட்டின் மெட்டு வரும், பூங்காவில் ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் அதைக் கேட்டதும் வீட்டுக்குக் கிளம்புவார்கள். நிலநடுக்க எச்சரிக்கை தருகிற அதே ஒலிபெருக்கிதான், வேலை செய்கிறதா என்று தினமும் சோதித்த மாதிரியும் ஆகிறது. பிள்ளை தனியாகத்தான் நடக்கிறான், ஆனால் அவனைத் தெருவே பார்த்துக்கொள்கிறது. அது புரிந்த பிறகுதான் நான் ஜன்னலில் நின்று காத்திருப்பதை விட்டேன்.

ஏப்ரல் கடைசியில் பெற்றோர் வந்து வகுப்பைப் பார்க்கும் நாள் வந்தது. வகுப்பறையின் பின்னால் நாற்பது நிமிடத்துக்கு மேல் நின்றேன், நேரம் போனதே தெரியவில்லை. வகுப்பில் 35 பிள்ளைகளுக்கு மேல் வைக்கக் கூடாது என்பது முதல் வகுப்புக்கு 2011 முதல் சட்டம். அன்றைக்கு ஒரு ஹிரகானா எழுத்துதான் பாடம். ஆசிரியை இளம்பெண், முப்பது வயது இருக்கலாம். எல்லாரும் எழுந்து நின்று கையை நீட்டி, விரலால் காற்றில் அந்த எழுத்தை எழுதினார்கள், ஒன்று, இரண்டு, மூன்று என்று கோட்டு வரிசையைச் சொல்லிக்கொண்டே. நாம் மணலிலும் நெல்லிலும் எழுத வைக்கிற மாதிரிதான். ஆனால் நான் கவனித்தது வேறு. அவர் பிள்ளைகளைப் பார்த்தபடி நின்றுகொண்டு, எழுத்தை இடவலம் மாற்றி எழுதினார், எதிரே நிற்கும் பிள்ளைகளுக்கு அது சரியாகத் தெரியும்படி. 34 வருடத்தில் நான் ஒரு நாளும் இதைச் செய்ததில்லை. பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக் கரும்பலகையைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறேன். அன்றைக்கு ராத்திரி கண்ணாடி முன்னால் நின்று 'அ'வை அப்படி எழுதிப் பார்த்தேன், ஒரு வாரம் பழகினால் வந்துவிடும். தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் முயன்று பாருங்கள்.

பதில் சொல்லும் முறையும் மனதில் நின்றது. ஒரு பிள்ளை எழுந்து, நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு, பதில் சொல்லும். மற்றவர்கள் சேர்ந்து "ஒனாஜி தெஸு", எனக்கும் அதேதான், என்பார்கள். ஒரு சிறுவன் தப்பாகச் சொன்னான். அந்தக் குரல் வரவில்லை, அவ்வளவுதான், சிரிப்பும் வரவில்லை. ஆசிரியை அவனிடமே இன்னொரு தடவை கேட்டார்.

சாப்பாட்டைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. கியூஷோகு என்கிறார்கள். 1889-இல் யமகாதா மாகாணத்து ட்சுருஓகா ஊரில், ஒரு கோயிலில் நடந்த பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோற்றுருண்டையும் உப்பிட்ட மீனும் ஊறுகாயும் கொடுத்ததில் தொடங்கியது என்பார்கள். பள்ளி உணவுக்கென்று தனிச் சட்டம் 1954-இல் வந்தது. நம் ஊரில் காமராஜர் மதிய உணவைத் தொடங்கியது 1956-இல், கிட்டத்தட்ட ஒரே காலம். முதல் வகுப்புப் பெற்றோர் வந்து ருசி பார்க்கும் நாளில் மகள் என்னையும் பதிந்திருந்தாள். சோறு, மிசோ என்கிற சோயா விழுதில் செய்த சூப், சுட்ட கானாங்கெளுத்தி, கீரைப் பொரியல் மாதிரி ஒன்று, 200 மில்லி பால். நன்றாக இருந்தது, உப்பு குறைவு, காரம் இல்லை. பிள்ளைகளுக்குப் போகும் முன் தலைமையாசிரியர் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும், அது விதி. ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குத் தனித் தட்டில் பெயர் எழுதி வருகிறது.

என் கண் போனது பரிமாறும் பிள்ளைகள் மேல்தான். அந்த வாரத்து முறைக்காரப் பிள்ளைகள் வெள்ளை மேலங்கி, வெள்ளைத் தொப்பி, முகக்கவசம் போட்டுக்கொண்டு, சூப் பாத்திரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தார்கள். முதல் வகுப்பு என்பதால் ஆறாம் வகுப்பு அக்காக்களும் அண்ணன்களும் வந்து கூட நின்றார்கள். ஒரு சிறுமி கரண்டியால் சூப்பை மொண்டு, கிண்ணத்தில் ஊற்றி, பக்கத்துக் கிண்ணத்தோடு அளவு பார்த்து, அரைக் கரண்டியைத் திருப்பி எடுத்து ஊற்றினாள். ஆறு வயது! எல்லாருக்கும் வந்த பிறகு கையைக் கூப்பி "இததாகிமாஸு" சொல்லி ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள். ஆசிரியையும் அதே சாப்பாட்டை அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார். குடித்து முடித்த பால் அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தட்டையாக்கி அடுக்கினார்கள். முறை முடிந்த வெள்ளிக்கிழமை அந்த மேலங்கி வீட்டுக்கு வரும். துவைத்து, இஸ்திரி போட்டு, திங்கட்கிழமை அனுப்ப வேண்டும், அதை அடுத்த வாரம் வேறு பிள்ளை போட்டுக்கொள்ளும். பேரன் கொண்டுவந்த மேலங்கியை நான்தான் இஸ்திரி போட்டேன். அதில் அவன் பெயர் இல்லை, வெறும் எண்தான் இருந்தது. முகம் தெரியாத ஒரு பிள்ளைக்காகக் காலரைத் திருப்பித் திருப்பித் தேய்த்தது எனக்கு நிறைவாக இருந்தது.

மாட்டிறைச்சி, பன்றி சாப்பிடாதவர்கள், சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது: மாதத்துக்கு ஒரு முறை சாப்பாட்டுப் பட்டியல் வரும். வகுப்பாசிரியரிடம் முதலிலேயே பேசிவிட்டு, ஒத்துவராத நாளில் வீட்டிலிருந்து கொடுத்துவிடலாம். சூப்பிலும் குழம்பிலும் மீன்சாறு இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், கூச்சப்பட வேண்டாம், அவர்கள் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் துப்புரவு நேரம். மேசைகளை ஒரு பக்கம் தள்ளி, பெருக்கி, நான் தைத்துக் கொடுத்த மாதிரித் துணியை நனைத்துப் பிழிந்து, இரண்டு கையாலும் தரையில் அழுத்திக்கொண்டு ஓட்டமாகத் துடைத்துக்கொண்டு போகிறார்கள். வாரப் பட்டியலில் மாடிப்படி, நடைபாதை, கை கழுவும் இடம் எல்லாம் இருக்கும், பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குக் கழிப்பறையும் வரும். இந்தக் காட்சியைப் போனில் பார்த்துவிட்டு நம் பள்ளிகளிலும் இப்படிச் செய்தால் என்ன என்று கேட்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். நான் அவசரப்பட்டு ஆமாம் என்று சொல்ல மாட்டேன். நம் ஊரில் "நீ போய்க் கக்கூஸைக் கழுவு" என்று எந்தத் தெருப் பிள்ளையைப் பார்த்துச் சொன்னார்கள் என்பது எனக்குத் தெரியும். என் கண்ணாலேயே பார்த்து, சண்டை போட்டிருக்கிறேன். அங்கே பட்டியலில் எல்லார் பெயரும் சுற்றி வருகிறது, டாக்டர் மகனும் கடைக்காரர் மகளும் ஒரே துணியைப் பிழிகிறார்கள், ஆசிரியையும் முழங்காலிட்டுக் கூடவே துடைக்கிறார், தண்டனையாக யாரையும் துடைக்கச் சொல்வதில்லை. இவை எல்லாம் இருந்தால்தான் அது பாடம். ஒன்று குறைந்தாலும் நம் ஊரில் அது கொடுமையாகத்தான் முடியும். செய்ய நினைக்கும் தலைமையாசிரியர் முதல் வாரத்து முதல் பெயராகத் தன் பெயரை எழுதட்டும்.

மே மாதம் ஒரு நாள் பிள்ளைகளை ஒப்படைக்கும் ஒத்திகை நடந்தது. பெரிய நிலநடுக்கம் வந்துவிட்டதாக வைத்துக்கொண்டு வீட்டுக்காரர்கள் பள்ளிக்கு வந்து பிள்ளையைக் கூட்டிப் போக வேண்டும். மகள் ஆபீசிலிருந்து வர நேரமாகும் என்று நான் முதலில் போய் வரிசையில் நின்றேன். மைதானத்தில் பிள்ளைகள் தலையில் பஞ்சு வைத்துத் தைத்த குல்லா போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மற்ற நாளில் அது நாற்காலியில் மெத்தையாகக் கிடப்பது. பேரன் என்னைப் பார்த்ததும் "அம்மாச்சி!" என்று எழுந்துவிட்டான். ஆசிரியைக்கு என்னை நன்றாகத் தெரியும், வகுப்பிலும் பார்த்திருக்கிறார், சாப்பாட்டு நாளிலும் பார்த்திருக்கிறார். கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். கூட்டிப் போகக் கூடியவர்கள் பட்டியலில் என் பெயர் இல்லை. தாழ்ந்து வணங்கி, மன்னிக்கச் சொல்லி, மகள் வரும் வரை பிள்ளையைத் தரவே இல்லை. இருபது நிமிடம் ஓரமாக நின்றேன். எனக்குக் கோபம் வரவில்லை, கண்தான் கலங்கியது.

காரணம் இருக்கிறது. சுனாமி என்ற சொல்லே ஜப்பானியச் சொல்தான், துறைமுக அலை என்று அர்த்தம். எங்களுக்கு அது 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். பள்ளியில் தங்கவைத்த பிள்ளைகளை யார் யாரோ வந்து மாமா, சித்தி என்று சொல்லிக் கூட்டிப் போனார்கள். யார் யாருடைய பிள்ளை, யாரிடம் கொடுக்கலாம் என்று எங்களிடம் ஒரு தாள் கூட இல்லை. வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு நான் தெருத்தெருவாகப் போனேன். அதே வருடம் ஜூலை 16-இல் கும்பகோணத்தில் பள்ளிக் கூரை எரிந்து 94 பிள்ளைகள் போனார்கள், இறங்க இருந்தது ஒரு குறுகிய படிக்கட்டு. அந்த இரண்டையும் ஒரே வருடத்தில் பார்த்த ஊர்க்காரி நான். ஒரு பெயர் அட்டையில் இல்லாததால் எனக்கே என் பேரனைத் தர மறுத்த ஆசிரியையை நான் எப்படிக் குறை சொல்வேன்?

அங்கே பிள்ளைகளுக்கு ஒகாஷிமோ என்று ஒரு சொல் சொல்லிக்கொடுக்கிறார்கள். தள்ளாதே, ஓடாதே, பேசாதே, திரும்பிப் போகாதே என்ற நாலு வாக்கியத்தின் முதல் எழுத்துகள். ஒகாஷி என்றால் மிட்டாய் என்பதால் பிள்ளைகளுக்கு மறக்காது. 1923 செப்டம்பர் 1-இல் டோக்கியோவை அழித்த நிலநடுக்கத்தின் நினைவாக அந்தத் தேதியில் நாடு முழுக்க ஒத்திகை நடக்கிறது. 2011 மார்ச் 11-இல் நிலநடுக்கமும் சுனாமியும் வந்தபோது கமாய்ஷி நகரில் நடுநிலைப்பள்ளிப் பிள்ளைகள் பக்கத்துத் தொடக்கப்பள்ளிச் சிறுவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள், அன்று அந்த நகரத்துப் பள்ளிகளில் இருந்த மூவாயிரம் பிள்ளைகள் அளவில் தப்பினார்கள். அதே நாளில் இஷினோமாகியின் ஓகாவா தொடக்கப்பள்ளியில் மைதானத்திலேயே நெடுநேரம் காத்திருந்ததில் 74 பிள்ளைகளும் 10 ஆசிரியர்களும் போய்விட்டார்கள். ஒத்திகை இருந்த நாட்டிலேயே இதுவும் நடந்தது, எங்கே போவது என்பது முன்பே முடிவாகவில்லை. ஜூனில் ஒரு நாள் வீட்டில் லேசாக ஆடியது. எனக்குத் தலைசுற்றல் என்று நினைத்தேன். பேரன் அதற்குள் சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய் அதன் காலைப் பிடித்துக்கொண்டு, "அம்மாச்சி, உள்ள வா, தலைய குனி" என்றான்.

அன்றாட வாழ்க்கையில் எனக்கு முதலில் பிடிபடாதது குப்பை. எரியும் குப்பை வாரத்தில் 2 நாள், பாட்டிலும் காகிதமும் வேறு நாள், காலை 8 மணிக்குள், காக்கை கொத்தாமல் வலைக்குள் வைக்க வேண்டும். நாள் மாற்றி வைத்த என் பையை எடுக்காமல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள், தெருவே பார்க்க அது அங்கே இருந்தது. உடனே எடுத்து வந்து பிரித்து வைத்தேன். வார்டு அலுவலகம் தரும் குப்பை அட்டவணையைச் சமையலறையில் ஒட்டிவிடுங்கள், அது போதும்.

இன்னொன்று சத்தம். அங்கே மின்சாரம் 100 வோல்ட், நம் கிரைண்டர் ஓட டிரான்ஸ்பார்மர் வேண்டும். மகள் வைத்திருக்கிறாள். காலை 6 மணிக்கு மாவு அரைத்தேன், தொடர்ந்து மூன்று நாள். கட்டட நிர்வாகத்திலிருந்து எல்லார் தபால்பெட்டியிலும் ஒரு காகிதம் வந்தது, யாரையும் குறிப்பிடாமல், அதிகாலைச் சத்தம் பற்றி. யாரும் நேரில் வந்து சொல்ல மாட்டார்கள், அந்தக் காகிதம்தான் சொல்லும் முறை. நமக்கில்லை என்று விட்டுவிடக் கூடாது. கிரைண்டருக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்புப் போட்டோம், பகல் 11 மணிக்கு மாற்றினேன், கீழ்வீட்டு அம்மாவிடம் ஒரு இனிப்புப் பெட்டியோடு போய் மன்னிப்புக் கேட்டோம். அதன் பிறகு அந்த அம்மா என்னை லிஃப்டில் பார்த்தால் பேச ஆரம்பித்துவிட்டார். புதிதாகக் குடிபோகிறவர்கள் முதல் வாரத்திலேயே மேல்வீடு, கீழ்வீடு, பக்கத்து வீடுகளில் ஒரு சின்னப் பொட்டலத்தோடு போய்ப் பிள்ளை இருக்கிறது என்று சொல்லிவிடுவது நல்லது.

ஒரு நாள் தோஸாய் ரயிலில் மேல்தட்டில் பையை வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். மூக்குக்கண்ணாடி, ரத்த அழுத்த மாத்திரை எல்லாம் அதில். ஸ்டேஷனில் மகள் போய்ச் சொன்னாள். எத்தனை மணி வண்டி, எத்தனையாவது பெட்டி, உள்ளே என்ன அடையாளம் என்று கேட்டார்கள். கண்ணாடிக் கூட்டில் பேரன் தன் மீதி ஸ்டிக்கரை எப்போதோ ஒட்டியிருந்தான், அது நினைவு வந்தது. ஒரு மணி நேரத்தில் கடைசி ஸ்டேஷனான நிஷி-ஃபுனாபாஷியில் பை இருப்பதாகச் சொன்னார்கள். அங்கே கண்டெடுத்தவர் பொருளின் மதிப்பில் 5 முதல் 20 சதவீதம் வரை வெகுமதி கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு, மூன்று மாதம் உரியவர் வராவிட்டால் பொருளே கண்டெடுத்தவருக்கு. நேர்மை என்று நாம் பாராட்டுவதற்குப் பின்னால் இப்படி ஒரு ஏற்பாடும் இருக்கிறது, தெருவுக்குத் தெரு இருக்கும் சின்னக் காவல் நிலையமும் இருக்கிறது. ரயிலில் ஏறும்போது பெட்டி எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாமே நன்றாக இருக்கிறது என்று சொன்னால் பொய். மகளுக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பத்தில் நாலாம் வகுப்புப் பையன் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டான். அடிக்கவில்லை, திட்டவில்லை. விளையாடும்போது கூப்பிடவில்லை, அவன் வந்தால் பேச்சு நின்றது, அவ்வளவுதான். தப்புச் செய்தால் சிரிக்காத வகுப்பையே பார்த்து வந்த எனக்கு இதைக் கேட்டதும் மனசு உடைந்தது. எல்லாரும் ஒன்றாகச் செய்யும் இடத்தில் ஒன்றாகச் செய்ய முடியாத பிள்ளைக்குப் போக்கிடம் இல்லை. இப்படிப் பள்ளிக்கு வராமல் நிற்பதற்கு ஃபுதோகோ என்று பெயரே இருக்கிறது. 2023 கல்வியாண்டில் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் மட்டும் 3,46,482 பிள்ளைகள் அப்படி. ஆசிரியர்கள் நிலையும் எளிதில்லை. 2018-இல் பல நாடுகளில் எடுத்த கணக்கில் ஜப்பானிய நடுநிலைப்பள்ளி ஆசிரியர்கள் வாரம் 56 மணி நேரம் வேலை செய்தார்கள், கணக்கெடுத்த நாடுகளில் அதுதான் அதிகம். ராத்திரி 8 மணிக்கு அந்தப் பள்ளி வழியாக நடந்து போனபோதும் ஆசிரியர் அறையில் விளக்கு எரிந்தது.

அதனால் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோருக்கு என் வேண்டுகோள்: ரென்ராகுச்சோ என்று ஆசிரியருக்கும் வீட்டுக்கும் நடுவே போய்வரும் நோட்டு ஒன்று உண்டு. அதில் உங்களுக்குத் தெரிந்த பாஷையில், போன் மொழிபெயர்த்ததைப் பார்த்தாவது, தினமும் இரண்டு வரி எழுதுங்கள். பிள்ளை சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை என்றால் முதல் வாரமே எழுதுங்கள். ஆசிரியர்கள் கட்டாயம் பதில் எழுதுகிறார்கள். மொழி வராத பிள்ளைகளுக்குச் சில பள்ளிகளில் தனி வகுப்பு இருக்கிறது, சேர்க்கும்போதே கேளுங்கள். வினைச்சொல் கடைசியில் வருவதில் அது நம் மொழி மாதிரிதான், பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். வீட்டில் தமிழை விட்டுவிடாதீர்கள்.

ஜூலை முதல் வாரம் திரும்பி வந்தேன். பேரன் பள்ளியில் தொட்டியில் வைத்த அசகாவோ என்கிற பூக்கொடி அப்போது மொட்டு விட்டிருந்தது. விதை இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் போன வருடம் எடுத்து உறையில் போட்டுக் கொடுத்ததாம்.

ஊருக்கு வந்து பத்து நாளில் என் பழைய பள்ளிக்குப் போனேன். இப்போதிருக்கும் தலைமையாசிரியை என்னிடம் வேலை பழகியவர். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதலில் எடுத்துக்கொண்டது அந்த அட்டை. ஒவ்வொரு பிள்ளைக்கும் கூட்டிப் போகலாம் என்று மூன்று பெயர், மூன்று போன் எண், பெற்றோர் கூட்டத்தில் எழுதி வாங்கினோம். சில வீடுகளில் மூன்றாவது பெயருக்கு ஆள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் பெயரை எழுதினார்கள்.

பிறகு ஒரு புதன்கிழமை ஒத்திகை. தள்ளாதே, ஓடாதே, பேசாதே, திரும்பாதே என்று பிள்ளைகளே சொல்லிக்கொண்டு வரிசையாக வந்தார்கள். கடலுக்கு எதிர்ப்பக்கம் மேட்டுத் தெருவுக்குப் போக வேண்டும், அதற்குப் பின்வாசல்தான் வழி. போய்ப் பார்த்தால் பின்வாசல் கேட்டில் பூட்டு. ஆடு மாடு உள்ளே வருகிறதென்று எப்போதோ பூட்டியது. சாவி சத்துணவு அமைப்பாளர் வீட்டில், அவர் அன்று லீவு. 112 பிள்ளைகளும் அந்தக் கேட்டுக்கு முன்னால் வெயிலில் நின்றோம், சாவி வர ஒன்பது நிமிடம் ஆனது.

இப்போது அந்தச் சாவி ஐந்தாம் வகுப்பு வாசலில் ஒரு ஆணியில், பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் தொங்குகிறது. வாரத்துக்கு ஒரு பிள்ளையின் பெயர் பக்கத்தில் சாக்பீஸால் எழுதியிருக்கும். தினமும் காலையில் பூட்டைத் திறந்து பார்த்து மூடுவது அந்தப் பிள்ளையின் வேலை.